தடயம் பேசுமா?

இரவு நேரம். பாலைவன நகரமொன்றின் ஓரத்தில் ஒரு வீடு. உள்ளே ஒரு மனிதன் இறந்து கிடக்கிறான். வாசலில் பொலிஸார் நிற்கின்றனர். அயலவர் கூடி ஆளுக்கொரு கதை சொல்கின்றனர். அப்போது கையுறை அணிந்த ஒருவர் ரோச் லைற்றுடன் உள்ளே வருகிறார். அவர் எவருடைய கதைக்கும் செவிகொடுப்பதாகத் தெரியவில்லை. குனிந்து, கம்பளத்தில் ஒட்டியிருந்த ஒரு தலைமயிரைச் சாவணத்தால் எடுத்துக் கடதாசி உறையில் இடுகிறார். முக்கால் மணி நேரத்தில் நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது. அழுது சத்தியம் செய்தவன் பொய்யன் என்றும், அந்த ஒற்றைத் தலைமயிர்தான் உண்மையைச் சொன்னது என்றும் நாம் அறிந்துகொள்கிறோம்.

அன்பார்ந்த வாசகர்களே, இவ்வாறான தொலைக்காட்சிக் கதைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்துக்கொண்டிருக்கும் போதே உங்கள் பிள்ளை உங்களிடம் இப்படிக் கேட்கவும் கூடும்: “அப்பா, மனிசர் பொய் சொல்லுவினம். தடயம் பொய் சொல்லாது. பிறகேன் கோட்டிலை சாட்சிக்காரரைக் கூப்பிடுகினம்?”

இது சிறுபிள்ளைக் கேள்வியன்று. உண்மையை நாம் எவ்வாறு அறிகிறோம்? ஒருவனைக் குற்றவாளி என்று சொல்ல எவ்வளவு அறிந்திருக்க வேண்டும்? பொருள்கள் சொல்வதை நம்புவதா, மனிதர் சொல்வதை நம்புவதா? தத்துவ ஞானிகள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இக்கேள்விகள் இன்று தொலைக்காட்சிப் பெட்டி வழியாக எமது விறாந்தைக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. எனவே, அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன விடை சொல்லலாம் என்று சற்றுச் சிந்திப்போம்.

தொடரின் நாயகன்

இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் தலைமகன் என்று சொல்லத்தக்கது அமெரிக்காவில் தயாரான ‘சி.எஸ்.ஐ.’ என்னும் தொடர். குற்றம் நடந்த இடத்தை ஆராய்தல் என்பது அப்பெயரின் பொருள். அந்தோனி சுயிக்கர் என்பவர் உருவாக்கிய இத்தொடர் 2000 ஆம் ஆண்டு ஒக்டோபரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஆரம்பமாகி, 2015 வரை நீடித்தது. கதை நடக்கும் இடம் சூதாட்டத்துக்குப் பேர்போன லாஸ் வேகாஸ் நகரம். இதன் கிளைகளாக மயாமி, நியூயோர்க் நகரங்களைக் களமாகக் கொண்ட தொடர்களும் வந்தன. 2021 இல் மீண்டும் புதுவடிவம் பெற்று 2024 வரை ஓடியது.

முதற் தொடரின் நாயகன் கில் கிரிசம். வில்லியம் பீற்றர்சன் என்ற நடிகர் இப்பாத்திரத்தை ஏற்றார். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடும் வீரனல்லன் இவன். பூச்சிகளைப் பற்றிப் படித்த ஒரு விஞ்ஞானி. இறந்த உடலில் ஈ முட்டையிட்டுப் புழு எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று பார்த்து, இறந்த காலத்தைக் கணிப்பவன். பொய்யே தொழிலாகவும் பகட்டே அழகாகவும் விளங்கும் ஒரு நகரத்தில், மனிதருடைய வார்த்தையை நம்பாது தடயத்தின் பின்னே போ என்று தன் உதவியாளருக்குப் போதிப்பவன்.

இப்போதனையில் நல்லது நிறைய இருக்கிறது. பொறுமையைக் கற்பிக்கிறது, ஆத்திரத்தில் முடிவு செய்யாதே என்கிறது. இறந்தவன் ஏழையா பணக்காரனா என்று பாராமல், அவனுடைய நகத்திடுக்கில் உள்ள மண்ணைக்கூட மதித்து ஆராய்கிறது. பிரான்சின் லியோன் நகரில் 1910 இல் பொலிஸாருக்கென ஓர் ஆய்வுகூடத்தைத் தொடங்கிய எட்மொண்ட் லொகார் என்பவரின் கருத்தே இதற்கெல்லாம் அடிப்படை. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டால் ஒன்றின் அடையாளம் மற்றதில் தங்கும் என்பது அவருடைய கொள்கை. செய்த செயல் அழிந்துபோவதில்லை, எங்கோ ஒரு சுவடு மிஞ்சுகிறது என்னும் இந்த எண்ணம் மனச்சாட்சியை நம்புகின்ற எமக்கு அந்நியமானதன்று.

ஆயினும், ‘மனிதர் பொய் சொல்வர், தடயம் பொய் சொல்லாது’ என்ற வாக்கியத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் மனமுவந்து ஏற்றுக்கொள்வோம். மற்றப் பாதியைப் பின்னர் பார்ப்போம்.

மனிதர் சொன்ன பொய்கள்

1984 இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கொலை செய்யப்பட்டாள். கடற்றொழிலாளி ஒருவர் கைதுசெய்யப்பட்டார். அவரை அச்சிறுமியோடு அல்லது அவ்விடத்துக்கருகே கண்டதாக ஐந்து பேர் சாட்சி சொன்னார்கள். 1985 இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மறுவிசாரணையில் அது ஆயுள் தண்டனையாக மாறியது. ஒன்பது வருடங்கள் வரையில் சிறையில் கிடந்த பின், 1993 இல் மரபணுப் பரிசோதனை அவர் குற்றமற்றவர் என்று காட்டியது. மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒருவர் இப்பரிசோதனையால் விடுவிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல் தடவை. உண்மையான கொலைகாரன் யார் என்பது 2003 இல்தான் தெரியவந்தது.

ஐந்து சாட்சிகளும் வேண்டுமென்றே பொய் சொன்னவர்களல்லர். கண்டதாக நம்பினார்கள், நம்பியதைச் சொன்னார்கள். எமது ஞாபகம் புகைப்படம் போன்றதன்று. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அது புதிதாக எழுதப்படுகிறது. பத்திரிகையில் பார்த்த முகமும், பொலிஸார் காட்டிய படமும், அயலவர் சொன்ன கதையும் அதிலே கலந்துவிடுகின்றன.

இன்னொரு சம்பவம் இங்கிலாந்தில் நடந்தது. லெஸ்ரர் பகுதியில் 1983 இலும் 1986 இலும் பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகள் இருவர் கொல்லப்பட்டனர். பதினேழு வயது இளைஞன் ஒருவன் பிடிபட்டான். விசாரணையின்போது, இரண்டாவது கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டான். முதலாவதையும் இவன்தான் செய்திருப்பான் என்று கருதிய பொலிஸார், லெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 1984 இல் மரபணு அடையாள முறையைக் கண்டறிந்த அலெக் ஜெவ்ரிஸ் என்ற விஞ்ஞானியை நாடினர். அவருடைய பரிசோதனை எவரும் எதிர்பாராத விடையைத் தந்தது. இரு கொலைகளையும் செய்தவன் ஒருவனே. ஆனால் அவன் இந்த இளைஞன் அல்லன்!

தன் வாயாலே குற்றத்தை ஒப்புக்கொண்டவன் நிரபராதி. இதை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். ஒப்புதல் வாக்குமூலமே சாட்சிகளுக்கெல்லாம் இராணி என்று பழைய சட்ட அறிஞர் கருதினர். அந்த இராணியைப் பெறுவதற்காக எத்தனை நாடுகளில் எத்தனை பேர் அடிக்கப்பட்டனர்! பயத்தினாலும் களைப்பினாலும் மனிதன் செய்யாததையும் செய்தேன் என்பான். அத்தகைய ஒருவனை ஒரு துளி இரத்தம் காப்பாற்றுமாயின், அந்த விஞ்ஞானத்துக்காக நாம் இறைவனுக்கு நன்றி கூறவே வேண்டும்.

தடயம் சொல்லாத பொய்

இனி மற்றப் பாதிக்கு வருவோம். தடயம் பொய் சொல்லாது என்பது உண்மையே. ஏனெனில் அது எதையுமே சொல்வதில்லை. தலைமயிருக்கு வாய் கிடையாது. அதை எடுப்பவர் மனிதர். உறையிலிட்டுப் பெயர் எழுதுபவர் மனிதர். இன்னொன்றுடன் ஒப்பிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவரும் மனிதரே. தடயம் பேசியது என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் உண்மையில் பேசியவர், அத்தடயத்தைக் குறித்துச் சாட்சி சொன்ன ஒரு மனிதர்.

2004 மார்ச் 11 ஆந் திகதி ஸ்பானிய நாட்டின் மட்றிட் நகரில் புகையிரதங்களில் குண்டுகள் வெடித்து நூற்றுத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிபொருட்களுடன் கிடைத்த ஒரு பையில் விரலடையாளம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் எவ்.பி.ஐ. நிறுவனம் தனது கணினியில் தேடி, அது ஒறிகன் மாநிலத்துச் சட்டத்தரணி ஒருவருடையது என்று அறிவித்தது. அந்நிறுவனத்தின் நிபுணர் மூவர் அதை உறுதிசெய்தனர். நீதிமன்றம் நியமித்த வெளி நிபுணர் ஒருவரும் ஆமென்றார். சட்டத்தரணி கைதானார். ஆனால் ஸ்பானியப் பொலிஸார் ஆரம்பத்திலேயே ஐயம் தெரிவித்திருந்தனர். இரண்டு வாரங்களின் பின் அவ்விரல் அல்ஜீரிய நாட்டவர் ஒருவருடையது என்று அவர்கள் கண்டறிந்தனர். சட்டத்தரணி விடுவிக்கப்பட்டார். எவ்.பி.ஐ. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

நான்கு நிபுணர்கள் எவ்வாறு தவறினர்? இரண்டு அடையாளங்களும் பெரிதும் ஒத்திருந்தன என்பது முதற் காரணம். ஒருவர் சொன்னதை அறிந்த பின்பே மற்றவர் பார்த்தார் என்பது இன்னொன்று. அச்சட்டத்தரணி இஸ்லாத்தைத் தழுவியவர். ஐயம் எழுந்த பின்னரும் முடிவை மீளாய்வு செய்யத் தவறியதற்கு அவருடைய மதம் போன்ற பின்னணி விபரங்களும் காரணமாயிருந்திருக்கலாம் என்று அமெரிக்க நீதித் திணைக்களத்தின் கண்காணிப்பு அதிகாரியே 2006 இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டார். விரலடையாளம் பொய் சொல்லவில்லை. அதை வாசித்த கண்களோ ஏற்கனவே ஒரு கதையை நம்பியிருந்தன.

இது தனியொரு விபத்தன்று. தலைமயிரை நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்டுச் சாட்சி சொல்லும் முறை அமெரிக்க நீதிமன்றங்களில் நெடுங்காலம் மதிப்புடன் இருந்தது. பழைய வழக்குகளை மீண்டும் ஆராய்ந்தபோது கிடைத்த முடிவு 2015 இல் வெளியாயிற்று. எதிராளிக்குப் பாதகமாகச் சாட்சி சொல்லப்பட்ட 268 வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலானவற்றில், விஞ்ஞானம் இடந்தராத அளவுக்கு நிபுணர் உறுதியாகப் பேசியிருந்தனர். சாட்சி சொன்ன 28 நிபுணர்களில் 26 பேர் இத்தவறைச் செய்திருந்தனர். அதற்கு முன்பே, 2009 இல், அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகம் சார்ந்த குழுவொன்று எச்சரித்திருந்தது. மரபணுப் பரிசோதனையைத் தவிர வேறெந்த முறையும், ஒரு தடயம் இன்ன ஆளுடையதே என்று நிச்சயமாகச் சொல்லவல்லது எனக் கண்டிப்பான ஆய்வின் மூலம் நிறுவப்படவில்லை என்பதே அவ்வெச்சரிக்கை.

கிரிசத்தின் ஆய்வுகூடத்தில் இத்தகைய தடுமாற்றங்கள் அருமை. அங்கே கணினித் திரையில் இரண்டு கோடுகள் பொருந்தியவுடன் ஒரு மணியோசை கேட்கும், கதை முடிந்துவிடும். உண்மை வாழ்வில் அந்த மணியை அடிப்பவர் மனிதர்.

இனி லெஸ்ரர் கதையின் எஞ்சிய பகுதியைக் கேளுங்கள். இளைஞன் விடுதலையான பின், 1987 இல் அப்பகுதி ஆண்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இரத்தமும் உமிழ்நீரும் பெற்றுப் பரிசோதித்தனர். எவருடையதும் பொருந்தவில்லை! கொலைகாரன் தனக்குப் பதிலாக வெதுப்பகத்தில் தன்னுடன் வேலை செய்த நண்பனை அனுப்பி, அவனுடைய இரத்தத்தைக் கொடுக்கச் செய்திருந்தான். உலகின் மிகப் புதிய விஞ்ஞானம் ஒரு சிறு ஏமாற்றின் முன் தோற்றுநின்றது. பின்பு ஒருநாள் மதுச்சாலையில் அந்த நண்பன் வாய்தவறி இதைச் சொல்லிவிட்டான். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் மனம் பொறாமற் பொலிஸாரிடம் சென்றாள். கொலைகாரன் பிடிபட்டான், 1988 சனவரியில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மரபணுப் பரிசோதனையின் முதற் பெரும் வெற்றி என்று உலகம் இதைப் போற்றுகிறது. அது சரியே. ஆயின் நாலாயிரம் பேரின் இரத்தம் காட்டாத வழியைக் காட்டியது, பேசத் துணிந்த ஒரு பெண்ணின் வாய் அன்றோ?

வெறும் மேசையும் சாம்பலும்

துப்பறியும் கதைகளை எழுதிப் புகழ்பெற்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளர் டொறதி சேயர்ஸ், 1928 இல் உலகத் துப்பறியும் கதைகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அதிலே மிகப் பழைய கதைகளாக அவர் சேர்த்தவற்றுள் இரண்டு எமக்கு நன்கு தெரிந்தவை. தானியேல் ஆகமத்தின் 13 ஆம், 14 ஆம் அதிகாரங்களில் உள்ள சூசன்னாளின் வரலாறும், பேல் என்னும் சிலையின் வரலாறும் அவை. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். எமது கேள்விக்கு வேண்டியது அங்கே இருக்கிறது.

சூசன்னாளின் கதையில் தடயம் எதுவுமில்லை, சாட்சிகள் மட்டுமே. முதியவர் இருவர், அதுவும் நீதிபதிகள், ஒரு கற்புள்ள பெண்மீது பழி சுமத்துகின்றனர். ஊரார் அவர்களுடைய பதவியைப் பார்த்து நம்பிவிடுகின்றனர். இளைஞனாகிய தானியேல் அவ்விருவரையும் பிரித்து, எந்த மரத்தின் கீழ் கண்டீர் என்று தனித்தனியே வினவுகிறான். ஒருவன் ஒரு மரத்தைச் சொல்ல, மற்றவன் வேறொன்றைச் சொல்கிறான். பொய் வெளிப்படுகிறது, ஒரு உயிர் தப்புகிறது.

அடுத்த கதையில் நிலைமை மறுபக்கம் திரும்புகிறது. பாபிலோனில் பேல் சிலையின் முன் ஒவ்வொரு நாளும் படைக்கும் உணவெல்லாம் இரவில் மறைந்துவிடும். கதவுகள் பூட்டி முத்திரையிடப்பட்டிருக்கும், முத்திரையும் குலையாதிருக்கும். காலையில் அரசன் கதவைத் திறந்து, வெறும் மேசையைக் கண்டதும் தெய்வத்தைப் புகழ்கிறான். தானியேலோ சிரித்து, நிலத்தைப் பாரும் என்கிறான். இரவு அவன் தூவிவைத்த சாம்பலில் ஆண்கள், பெண்கள், பிள்ளைகளின் காலடிகள் பதிந்திருந்தன. பூசாரிகளும் குடும்பத்தினரும் இரகசிய வழியால் வந்து உண்டு போயிருந்தனர்.

இக்கதையை வாசிக்கும்போது எல்லோருக்கும் சாம்பற் சுவடுதான் கண்ணில் படும். ஆனால் அந்த வெறும் மேசையும் ஒரு தடயமே அல்லவா? அதுவும் பொய் சொல்லவில்லை. உணவு உண்ணப்பட்டது என்பது உண்மை. முத்திரை குலையவில்லை என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளைக் கண்ட அரசன், தான் முன்னமே நம்பியிருந்த பொய்யை அவற்றின்மேல் ஏற்றி வாசித்தான். மட்றிட் விரலடையாளத்தை வாசித்த நிபுணர்களுக்கு நேர்ந்ததும் இதுவே.

சாட்சியைச் சோதிக்க வேண்டும்; தடயத்தையும் சோதிக்க வேண்டும். இரண்டு கதைகளிலும் நீதியைக் காப்பாற்றியது, எல்லோரும் முடிவு செய்துவிட்ட வேளையில் ‘பொறுங்கள், இன்னும் ஒருமுறை பார்ப்போம்’ என்று சொல்லத் துணிந்த ஒரு மனிதனின் நேர்மை.

எவ்வளவு நிச்சயம் போதும்?

இத்தகைய தொடர்களைப் பார்க்கும் மக்கள் நீதிமன்றங்களிலும் அதே நிச்சயத்தை எதிர்பார்க்கிறார்கள் என்று அமெரிக்கச் சட்டத்தரணிகள் முறையிட்டதுண்டு. 2006 இல் மிச்சிகன் மாநிலத்தில் ஜூரிமாராக அழைக்கப்பட்ட ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் கேள்விகள் கேட்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. எல்லாக் குற்றவியல் வழக்குகளிலும் ஏதாவதொரு விஞ்ஞானச் சான்று இருக்கவேண்டும் என எதிர்பார்த்தோர் நூற்றுக்கு 46 பேர். ஆயினும், இத்தொடரைப் பார்ப்பதனால் மட்டும் ஜூரிமார் குற்றவாளிகளை விட்டுவிடுகிறார்கள் என்பதற்கு அவ்வாய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. எனவே, தொலைக்காட்சிமீது பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பிக்கொள்ள முடியாது. நிச்சயத்தை வெளியிலிருந்து எவராவது ஆயத்தமாகக் கொண்டுவந்து தரவேண்டும், நாம் பாரம் சுமக்கக்கூடாது என்ற ஆசை மனிதனுக்குள்ளேயே இருக்கிறது.

கணிதத்தில் இரண்டும் இரண்டும் நான்கு என்பது போன்ற நிச்சயம் மனிதச் செயல்களைப் பற்றிய தீர்ப்பில் கிடைக்காது என்று புனித தோமஸ் அக்குவினாஸ் தமது பெரிய இறையியல் நூலில், சாட்சிகளைப் பற்றிக் கூறுமிடத்தில் எழுதியுள்ளார். மனிதச் செயல்கள் மாறுந்தன்மை கொண்டவை. அவற்றில் பெரும்பாலும் உண்மையைத் தொடும் நிச்சயமே போதும் என்பது அவர் கருத்து. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1942 ஒக்டோபர் 1 ஆந் திகதி உரோமை றோட்டா நீதிபதிகளுக்கு ஆற்றிய உரையில் இதனை மேலும் தெளிவாக்கினார். எந்தவித ஐயத்துக்கும் இடமேயில்லாத முழு நிச்சயம் ஒருபுறம்; இருக்கலாம் என்ற வெறும் ஊகம் மறுபுறம். இரண்டுக்கும் நடுவே உள்ளது ஒழுக்கவியல் நிச்சயம். நியாயமான ஐயம் எதுவும் எஞ்சாத நிலை அது. நீதிபதிக்கு அது வேண்டும், அது போதும். ஆனால் அந்நிச்சயம் அவருடைய மனப்போக்கில் அல்லாமல், வெளிப்படையான ஆதாரங்களில் ஊன்றி நிற்க வேண்டும்.

இதை ‘ஒழுக்கவியல்’ நிச்சயம் என்று அழைப்பதில் ஒரு பாடம் இருக்கிறது. இந்த நிச்சயத்தை ஒரு இயந்திரம் எமக்குத் தந்துவிட முடியாது. ஆதாரங்களை நிறுத்துப் பார்த்து, எதிர்ப்பக்கத்தைக் கேட்டு, என் விருப்பு வெறுப்பு எதில் சாய்கிறது என்று என்னையே சோதித்த பின், ‘ஆம்’ என்று சொல்லும் பொறுப்பு ஒரு மனச்சாட்சியின் மேல் விழுகிறது. ஆய்வுகூடம் அந்தப் பொறுப்பை ஏற்பவருக்குத் துணை நிற்கும். அவருக்குப் பதிலாக நிற்காது.

எமது மண்ணில்

இது அமெரிக்கர்களுக்கு மட்டும் உரிய விடயம் என்று எண்ண வேண்டாம். தடயத்தை நம்பிக் காத்திருந்த தாய்மார் எமது மண்ணிலும் உண்டு.

2018 இல் மன்னார் நகரில், முன்பு சதொச கட்டிடம் இருந்த வளவில் நிலத்தை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில், சிறுவர்களுடையவை உட்பட, முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிய பெற்றோர் அந்த வளவின் வேலியைப் பிடித்தபடி நின்றார்கள். மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பப்பட்டன. அவை பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவை என்ற அறிக்கை 2019 இல் வந்தது. அம்முடிவை எவ்வளவு தூரம் கொள்ளலாம் என்பது குறித்துக் குடும்பத்தினரும் சட்டத்தரணிகளும் கேள்விகள் எழுப்பினர். அது எவ்வாறாயினும், ஒன்றை மட்டும் கவனியுங்கள். எலும்பின் வயது என்ன என்ற கேள்விக்கே ஆய்வுகூடம் விடை அனுப்பியது. என் மகன் எங்கே என்ற கேள்வி, கேட்ட தாயின் மடியிலேயே திரும்பி வந்து கிடந்தது.

செம்மணியை நினைத்துப் பாருங்கள். 1998 இல் ஒரு கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இராணுவச் சிப்பாய் ஒருவர், அங்கே பலர் புதைக்கப்பட்டுள்ளனர் என்று நீதிமன்றத்தில் சொன்னார். அதன் பின்பே 1999 இல் அந்நிலம் தோண்டப்பட்டு 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அதற்கு முன்பும் அந்த எலும்புகள் அங்கேதான் இருந்தன. மழையும் வெயிலும் அவற்றின்மேல் மாறி மாறி வந்து போயின. அவை பேசவில்லை. ஒரு மனிதர் வாய் திறந்த பின்புதான் மண் திறந்தது.

எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சியை விலக்குகிறது. ஆனால் சொல்லவேண்டிய உண்மையைச் சொல்லாது மறைப்பதும் அயலானுக்குச் செய்யும் அநீதியே. எமது முன்னோர், விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவரை ‘வேதசாட்சி’ என்றழைத்தனர். மன்னார் மண்ணுக்கு அச்சொல் புதிதன்று. தான் அறிந்த உண்மைக்குப் பின்னால் தன் உடலையே கொண்டுபோய் நிறுத்துபவன் சாட்சி. எந்த ஆய்வுகூடமும் அவனுடைய இடத்தை நிரப்ப முடியாது.

உங்கள் வீட்டில்

கடைசியாக உங்கள் வீட்டுக்கு வருவோம். நாம் எல்லோரும் நீதிபதிகளல்லர். ஆனால் தீர்ப்புச் சொல்லாத நாள் எமக்கில்லை.

ஒரு வீட்டில் சங்கிலி காணாமற் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்றம் கூட்ட வரும் பிள்ளை அன்றைக்கு வழமையிலும் முந்திப் போய்விட்டாள். அடுத்த நாள் வரவில்லை. அலுமாரிக் கதவு சற்றுத் திறந்திருந்தது. மூன்று தடயங்கள்! ஒன்றும் பொய்யில்லை. மாலைக்குள் ஒழுங்கை முழுவதும் கதை பரவிவிடுகிறது. மூன்றாம் நாள் சங்கிலி தலையணை உறைக்குள்ளே கிடக்கிறது. பிள்ளையின் தாய்க்கு அன்று காய்ச்சல் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. அரசன் வெறும் மேசையைப் பார்த்ததுபோலவே நாம் அந்த அலுமாரிக் கதவைப் பார்த்தோம். ஏழைப் பிள்ளை எடுத்திருப்பாள் என்பது நாம் முன்னமே நம்பியிருந்த கதை.

சங்கிலி கிடைத்துவிட்டது. அந்தப் பிள்ளையின் நற்பெயர்? களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று போதிக்கும் அதே ஒழுக்கவியல், கெடுத்த பெயரையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று போதிக்கிறது. கதை எத்தனை வாசலுக்குப் போனதோ அத்தனை வாசலுக்கும் நாம் போகக் கடமைப்பட்டிருக்கிறோம். அமெரிக்காவின் மாபெரும் புலனாய்வு நிறுவனமே தான் பிழைவிட்டதை உலகறிய ஒப்புக்கொண்டு, முன்பின் அறியாத ஒரு குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது. எமது ஒழுங்கையில் நாலு படலைகளைத் தட்டி, ‘நாங்கள் சொன்னது பிழை, அந்தப் பிள்ளை எடுக்கவில்லை’ என்று சொல்ல எமக்கு ஏன் கால் எழும்புவதில்லை?

ஆகவே, பிள்ளை கேட்ட கேள்விக்கு இப்படி விடை சொல்லலாம்: “மகன், தடயம் பொய் சொல்லாதுதான். ஆனால் அதுக்கு வாயில்லை. அதுக்காகப் பேசுகிறவர் ஒரு மனிசர். அவர் நேர்மையானவராய் இருக்கவேணும். பிழைவிட்டால் ஒத்துக்கொள்ளுகிறவராயும் இருக்கவேணும். அதுக்குத்தான் கோட்டிலை சத்தியம் வாங்குகினம்.”

இதைச் சொல்லிய பின் தொலைக்காட்சியை நிறுத்த வேண்டியதில்லை. கதையைத் தொடர்ந்து பாருங்கள். ஆனால் அடுத்த நாட் காலையில், உங்கள் வாயால் பெயர் கெட்ட எவராவது அயலில் இருந்தால், பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் படலைக்குப் போங்கள். சாட்சி என்றால் என்ன என்பதை எந்தத் தொடரிலும் பார்க்க அதிகமாக அவன் அங்கே கற்றுக்கொள்வான்.